அஞ்சுக்கு எத்தனை

தீபாவளி முடிந்த கையோடு தில்லியில் புகை இறங்கிவிட்டது. மோதி பாக் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றால் எதிர் பிளாக் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், பக்கத்து மாநில வயல்களில் வைக்கோல் எரிகிற நாற்றம் தொண்டை வரை இறங்குகிறது என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்கள். நல்லசிவமும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, "ஹாங் பாய்சாப், புரா ஹால் ஹை" என்று, ரொம்ப மோசம்தான் என்பதாக, கூடச் சேர்ந்து சொன்னார். அவருக்கு ஒரு நாற்றமும் வரவில்லை. கொரோனாவின் இரண்டாவது அலையில் ஆக்ஸிஜனோடு கிடந்து எழுந்து வந்தபோது உயிர் திரும்பியது. மூக்கு திரும்பவில்லை.

வேறு வேலையில் இருப்பவருக்கு இது சகித்துக்கொள்ளக்கூடிய குறைதான். நல்லசிவம் சமையல்காரர். சாணக்யபுரியில் ஒரு அரசு நிறுவனத்தின் விருந்தினர் இல்லத்தில் தலைமைச் சமையல். சங்கரன்கோவில் பக்கமிருந்து பாத்திரம் கழுவ வந்தவர், அடுப்பு அடுப்பாக முன்னேறி அந்த இடத்துக்கு வந்திருந்தார். சென்னையிலிருந்து மீட்டிங்குக்கு வரும் அதிகாரிகள் பெட்டியை அறையில் வைத்ததும், "இன்னைக்கு நல்லசிவம் ட்யூட்டியா?" என்றுதான் கேட்பார்கள்.

நாக்கில் உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் எரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பெருங்காயமும் நெய்யும் கொத்தமல்லியும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. வெங்காயத்தை நிறத்தைப் பார்த்து இறக்கினார். கடுகைக் காதால் கேட்டார். மிளகாய் வறுபடுவதைக் கண்ணில் வரும் எரிச்சலை வைத்துக் கணக்கிட்டார். மற்றதற்கெல்லாம் மாதவ் இருந்தான். மாதவ் கட்வாலிக்காரன், வடக்கே மலையிலிருந்து இறங்கி வந்து பத்துப் பன்னிரண்டு வருஷமாக நல்லசிவத்துக்கு அடுத்த அடுப்பில் நிற்பவன். தமிழை அவரிடமே கற்றதால் திருநெல்வேலித் தமிழ்தான் பேசுவான்; 'நான் வந்துச்சு' என்று நடுநடுவே சறுக்கும். "மாதவ், இதைப் பாத்துச் சொல்லு. என்ன குறையுது?" என்று கரண்டியை நீட்டுவார். தன்னைத்தான் பரீட்சை வைக்கிறார் என்று மாதவ் நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி, ரொம்பப் பயபக்தியோடு சொல்லுவான். அவன் சொன்னதை வைத்து இவர் ஒரு சிட்டிகை சேர்ப்பார்.

உண்மை தெரிந்தவள் மனைவி பவுனு மட்டும்தான். அமைச்சக அலுவலகம் ஒன்றில் ஃபைல் எடுத்துக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வேலை; குவார்ட்டர்ஸும் அவள் பேரில் கிடைத்ததுதான். தில்லியிலேயே பிறந்தவள் என்றாலும் பேச்சு அப்பாவின் ஊர்ப் பேச்சு. பவுனுக்கு எதற்கெடுத்தாலும் பயம். மெட்ரோவில் நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயம், லிஃப்டில் தனியாகப் போகப் பயம். சப்ஜிக்காரன் அழுகின தக்காளியைத் தள்ளிவிட்டால் திருப்பிக் கொடுக்க வாய் வராமல் அதையும் சேர்த்தே வாங்கி வருவாள். மதுரையில் நர்ஸிங் படிக்கும் மகள் கனிமொழி ஒருநாள் போன் பண்ணாவிட்டால் அழுதுவிடுவாள். "ஒரு எறும்பு ஊர்ந்தாலும் ஒனக்கு நெஞ்சு அடைச்சிரும்" என்று நல்லசிவம் கேலி செய்வார். அவர் அப்படி இல்லை. எதுவும் அவரை அசைக்காது என்று காலனியில் பேர்.

பவுனுவின் ஆபீஸர் ராஜலக்ஷ்மி கிட்வாய் நகரில் இருப்பவர். அவருடைய மகள் மதுமதி மனோதத்துவத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பெரிய நோயிலிருந்து மீண்ட குடும்பங்களில், பெரியவர்கள் மனத்தளவில் எப்படி மீள்கிறார்கள் என்பதை அளக்கும் ஆராய்ச்சி. அதற்குத் தமிழ் பேசும் ஆட்கள் வேண்டும் என்று ராஜலக்ஷ்மி கேட்க, மாட்டேன் என்று சொல்லத் தெரியாத பவுனு தலையாட்டிவிட்டு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதுமதி வந்தாள். நல்லசிவம் கேஸரி கிளறி வைத்திருந்தார். ஏலக்காய் சரியாக விழுந்திருக்கிறதா என்று பவுனு அடுப்படியில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணைக் காட்டிய பிறகுதான் கிண்ணம் வெளியே வந்தது.

"அங்கிள், ரெண்டு ஃபார்ம் இருக்கு. ஒண்ணு, கஷ்டம் வந்தா நீங்க எப்படி மீண்டு வர்றீங்கன்னு. இன்னொண்ணு உங்க பர்ஸனாலிட்டி. மத்லப்... உங்க சுபாவம். நெறைய பேசுவீங்களா, கவலைப்படுவீங்களா, அந்த மாதிரி. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு பாக்கறேன். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு எத்தனைன்னு சொல்லணும். சுத்தமா இல்லன்னா ஒண்ணு, முழுக்க சரின்னா அஞ்சு."

"கேளுங்கம்மா."

மதுமதி தாளைக் கண்ணருகே கொண்டுபோனாள். தமிழ் எழுத்து அவளுக்கு மெதுவாகத்தான் வரும். "நெகிழ்... நெகிழ்திறன் அளவை."

"நெகிழ்ச்சின்னா அழுவாச்சி வாரதுல்லா?" என்றார் நல்லசிவம்.

"அப்படியா?" மதுமதி குழம்பினாள். "இல்ல அங்கிள், இது ரப்பர் மாதிரி. இழுத்து விட்டாலும் பழையபடி வந்துடறது. டிரான்ஸ்லேட் பண்ணவங்க அப்படிப் போட்டிருக்காங்க."

"சரி, ரப்பர்னு வச்சுக்குவோம். நான் டயர் ரப்பராக்கும். கேளுங்க."

"இடர் நேர்ந்த பின் விரைவில் இயல்பு நிலைக்குத் திரும்புகிறேன்."

"அஞ்சு."

"எதிர்பாரா மாற்றங்களுக்கு என்னை இ... இசைவித்துக் கொள்கிறேன்."

"அஞ்சு."

"சிறு நிகழ்வுகளும் என்னைக் கலக்கமுறச் செய்கின்றன."

"அதெல்லாம் கெடையாது. ஒண்ணு."

"துணை தேவைப்படும்போது பிறரிடம் தயங்காமல் கேட்பேன்."

"தேவைப்பட்டால்லா கேக்கதுக்கு! சும்மா அஞ்சு போடுங்க."

கடைசியில் மதுமதி தன் நோட்டிலிருந்து கேட்டாள்: "கொரோனாவுக்கு அப்புறம் உடம்புல ஏதாவது பிராப்ளம் மிச்சம் இருக்கா அங்கிள்?"

"ஒண்ணும் இல்லம்மா. பழைய மாதிரிதான் இருக்கேன்."

அடுப்படி வாசலில் நின்ற பவுனு சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் முறை வந்தபோது கவலை, கலக்கம் என்று வந்ததற்கு மட்டும் அஞ்சு; மற்றதெல்லாம் ஒன்றும் இரண்டுமாக விழுந்தது. "இதுக்கு ஒண்ணு. இதுக்கும் ஒண்ணுதாம்மா. எனக்குச் சின்ன விஷயத்துக்கே கை நடுங்கும்" என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிக்கொண்டே போனாள். 'கடினமான செயலைத் தள்ளிப்போடாமல் செய்து முடிப்பேன்' என்று மதுமதி வாசித்ததும் நல்லசிவம் சத்தமாகச் சிரித்தார். "அதுக்கு சைபர் இருக்கா பாருங்கம்மா."

குளிர் முடிந்தபின் இதே கேள்விகளை இதே ஆட்களிடம் மறுபடி கேட்க வேண்டும், அப்போதுதான் அளவை நம்பலாமா என்று தெரியும் என்று சொல்லிவிட்டு மதுமதி கிளம்பினாள்.

அந்த வாரமே ஒரு விடிகாலையில் பவுனுக்கு விழிப்பு வந்தது. போர்வைக்குள்ளேயே அவளுக்கு நாற்றம் தெரிந்துவிட்டது. எழுந்து ஓடினாள். அடுப்படியில் நல்லசிவம் டீக்குப் பாத்திரத்தைக் கழுவி அடுப்பில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகும் நாளில் பாடுகிற ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தபடி லைட்டரைக் கையில் எடுத்திருந்தார்.

"வேண்டாம்! வேண்டாம்! கைய எடுங்க!"

லைட்டரைத் தட்டிவிட்டு, அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினாள். சிலிண்டரை மூடினாள். ஜன்னலையும் பின்கதவையும் திறந்தாள். குளிர் உள்ளே வந்தது. இரண்டு பேரும் ஸ்வெட்டர் இல்லாமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ரப்பர் குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் வெடித்திருந்ததை அப்புறம் பார்த்தார்கள். எதிர்வீட்டு சுஷ்மா, "க்யா ஹுவா பாபி?" என்று, என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்த்தாள். "குச் நஹீ" என்று, ஒன்றுமில்லை என்பதாகக் கையை ஆட்டினார் நல்லசிவம்.

பவுனு அழவில்லை. அதுதான் அவருக்கு விசித்திரமாக இருந்தது.

"அங்க எத்தனை அடுப்பு எரியுது?" என்று கேட்டாள்.

"எங்க?"

"கெஸ்ட் ஹவுஸ்ல."

"அங்க மாதவ் இருக்கான்."

"அவனுக்குத் தெரியுமா, ஒங்களுக்கு மூக்கு இல்லன்னு? அவன் லீவுல போன அன்னைக்கு? காலையில மொத ஆளா கதவத் தெறந்து அடுப்பப் பத்த வைக்கது நீங்கதான?"

நல்லசிவம் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர் பிளாக்கைப் பார்த்தார்.

"சொல்லிருங்க. மேனேஜர்ட்ட சொல்லிருங்க."

"சொன்னா என்ன ஆவும் தெரியுமாட்டி? மூக்கு இல்லாத சமையக்காரன்னு ஊரெல்லாம் சிரிப்பான். மறுநாளே கரண்டியப் புடுங்கிட்டு ஒரு மூலையில ஒக்காத்தி வச்சிருவான். நான் ஆஸ்பத்திரியில கெடந்து எந்திரிச்சு வந்தது அதுக்கா?"

"அப்போ நான் சொல்லுதேன்."

"நீயா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ தக்காளிக்காரன்ட்ட பேசு மொதல்ல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லலைன்னா நான் போவேன்" என்றாள் பவுனு. உள்ளே போய்க் குழாய் மாற்ற ஆளுக்குப் போன் பண்ணினாள்.

அவர் அதை மறந்தும் போனார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பவுனு அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆபீஸ் ஸ்வெட்டரோடு பஸ் ஏறினாள். சாணக்யபுரியில் இறங்கி, அகலமான ஆளில்லாத நடைபாதையில் தூதரக மதில்களை ஒட்டி நடந்தாள். வழியில் இரண்டு தடவை நின்று, திரும்பிவிடலாமா என்று பார்த்தாள். கேட்டில் காவலாளி மறுபடி கேட்ட பிறகுதான் பேரைச் சொன்னாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டுப் போய்விட்டு வந்துதான் மேனேஜர் அறைக்குள் நுழைந்தாள்.

மேனேஜர் விஸ்வநாதன் சேலத்துக்காரர். சாப்பிட்டுவிட்டுப் பல்குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்கம்மா. நல்லசிவம் கிச்சன்லதான் இருக்காரு. கூப்பிடவா?"

"வேண்டாம் சார். அவுகளுக்குத் தெரியாது நான் வந்தது." பவுனு நின்றபடியே, ஒரே மூச்சில், மூக்கு போனதையும் கேஸ் கசிந்ததையும் சொல்லி முடித்தாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் துடைக்கவில்லை.

விஸ்வநாதன் பல்குச்சியைத் தட்டில் போட்டார். "இப்பக்கூட அவரு வச்ச வத்தக்குழம்புதான் சாப்பிட்டேன். நல்லாத்தானே இருந்துச்சு?"

"சமையல்ல குத்தம் வராது சார். அவுக கை சரியாத்தான் போடும். அடுப்புதான் சார் எனக்குப் பயம். அத்தனை பேர் தங்கியிருக்காங்க."

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சப்புறம் நான் சும்மா இருக்க முடியாதும்மா. அது புரியுதுல்ல?"

"புரியுது சார். அதுக்குத்தான் வந்தேன்."

திங்கட்கிழமையிலிருந்து நல்லசிவத்தை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய் எடை போட்டுக் கொடுக்கும் வேலை. சம்பளம் குறையவில்லை. கரண்டி போய்விட்டது.

அவர் வீட்டில் சண்டை போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டார். பவுனு தட்டில் வைத்ததைச் சாப்பிட்டார், எழுந்தார், போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தார். சாயங்காலம் கனிமொழி போன் பண்ணினால் மட்டும் குரல் பழையபடி வந்தது. "நான் ஜோரா இருக்கேன் மக்கா. நீ சாப்பிட்டியா?" என்பார். போனை வைத்ததும் வீடு மறுபடி அடங்கிவிடும். டிசம்பர் முழுக்க அப்படியே போனது. பவுனு தினமும் பாத்ரூமில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகம் கழுவி, ஆபீஸுக்குப் போனாள். சுஷ்மா தந்த சர்சோன் என்கிற கடுகுக்கீரையைக் கடைந்து வைத்தாள். அவர் அதையும் ஒன்றும் சொல்லாமல் தின்றார். செய்தது சரிதானா என்று அவளுக்கு ஒருநாளும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஆனால் காலையில் அவர் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு போன் வருமா என்று காத்திருப்பது நின்றுபோயிருந்தது.

ஜனவரியில் குளிர் எலும்பைப் பிடித்தபோது பவுனு காய்ச்சலில் விழுந்தாள். ஒரு ஞாயிறு மத்தியானம். மூக்கு முழுக்க அடைத்து, கண் சிவந்து, ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு நல்லசிவம் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டு அடுப்பை அவர் தொட்டு வெகு நாளாகியிருந்தது.

சோற்றைக் குழைய வடித்து, ரசத்தை ஊற்றிப் பிசைந்து, இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அவர் அவளைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை.

பவுனு இன்னொரு வாய் எடுத்துப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமே தெரியல. மூக்கு அடைச்சுக் கெடக்குல்லா? சுடுதண்ணியில உப்புப் போட்ட மாதிரி இருக்கு." கிண்ணத்தைக் கீழே இறக்கி அவரைப் பார்த்தாள். "ஒங்களுக்கு எப்பவும் இப்படித்தானா?"

நல்லசிவம் தலையை ஆட்டினார்.

"தினமுமா?"

"தினமும்தான்." கிண்ணத்துக்குள் விரலால் துழாவிக்கொண்டே பேசினார். "டிவியில சத்தத்தை நிறுத்திட்டுப் படம் பாக்கமில்லா? அப்படி இருக்கும். சாம்பார் கொதிக்கது தெரியும். ஆவி வரும். ஆனா சாம்பார் வந்து சேராது. அதுகூடப் பரவாயில்ல பவுனு. என் மேல நாத்தம் அடிக்கான்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் இந்தக் குளிர்லயும் ரெண்டு நேரம் குளிக்கேன். சட்டைய ஒரு நாளுக்கு மேல போட மாட்டேங்கேன். பஸ்ஸுல ஒருத்தன் கொஞ்சம் நகந்து ஒக்காந்தா எனக்கு ஈரக்கொல நடுங்கும். இதை ஒன்ட்டகூடச் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? ஒன்னய எறும்பு ஊர்ந்தா பயப்படுவன்னு சிரிச்சவன் நான்." கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பவுனு ரஜாயை அவர் முதுகு வரைக்கும் இழுத்துவிட்டாள். அழட்டும் என்று விட்டாள். வெளியே சுஷ்மா வீட்டுப் பிள்ளைகள் வெயில் வந்துவிட்டதென்று கத்திக்கொண்டு மாடிக்கு ஓடினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்க மேல நாத்தம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

"ஒனக்குத்தான் மூக்கு அடைச்சிருக்கே."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பவுனுக்கு அதில் இருமலும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் நல்லசிவம் ஸ்டோர் ரூமுக்குப் போகாமல் நேரே சமையலறைக்குப் போய் மாதவ் முன்னால் நின்றார். அவன் விஷயத்தை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தான். ஆனால் அவர் வாயால் வரட்டும் என்று இருந்தான்.

"மாதவ், எனக்கு மூக்கு வேல செய்யாது. ரெண்டு வருஷமா ஒன் மூக்கை வச்சுத்தான் சமைச்சேன். ஒன்ட்டயும் சொல்லல."

மாதவ் கரண்டியைப் போட்டான். "அரே அண்ணாச்சி! நான் தினமும் என்னா பயம் பயந்துச்சு தெரியுமா? ஃபெயில் ஆனா மேனேஜர்ட்ட சொல்லுவாகன்னு நெனச்சுச்சு. வீட்டுல பீவிகிட்டகூடச் சொல்லிச்சு, அண்ணாச்சி எனக்குப் பரீச்ச வைக்காகன்னு. நீங்க உண்மையச் சொல்லியிருந்தா நான் நிம்மதியா மோந்திருப்பேன்ல?" நிஜமாகவே கோபமாக இருந்தான். அன்று முழுக்க அவரிடம் பேசவில்லை. மறுநாள் அவனே ஸ்டோர் ரூமுக்கு வந்து, "மோர்க்குழம்பு திரிஞ்சு போவுது அண்ணாச்சி. வந்து பக்கத்துல நில்லுங்க" என்றான்.

அடுப்பைப் பற்ற வைப்பதும் அணைப்பதும் மாதவ், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது நல்லசிவம் என்று விஸ்வநாதன் ஒப்புக்கொள்ள இன்னும் சில வாரம் ஆனது. தலைமைச் சமையல் என்கிற பேர் மாதவுக்குப் போனது. முதல் நாள் அது நல்லசிவத்தை உறுத்தியது. வீட்டுக்கு வந்து, உறுத்துகிறது என்று பவுனுவிடம் சொன்னார்.

இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்து ரோட்டில் கொட்டத் தொடங்கியபோது மதுமதி மறுபடி வந்தாள். அதே தாள், அதே கேள்விகள்.

"இடர் நேர்ந்த பின் விரைவில் இயல்பு நிலைக்குத் திரும்புகிறேன்."

"எங்க திரும்புனேன்? ரெண்டு போடுங்க."

"சிறு நிகழ்வுகளும்..."

"கலக்கும். நாலு."

"துணை தேவைப்படும்போது..."

"அது இப்பத்தான் படிக்கேன். மூணு."

மதுமதி பேனாவை நிறுத்தினாள். "அங்கிள், போன தடவை நீங்க ஏறக்குறைய ஃபுல் மார்க். இப்ப பாதிகூட வரல. நடுவுல ஏதாவது ஆச்சா?"

"போன தடவை சொன்னதெல்லாம் பொய்ம்மா" என்றார் நல்லசிவம். பிறகு கேஸ், ஸ்டோர் ரூம், ரசம் எல்லாவற்றையும் சொன்னார். மதுமதி எழுதாமல் கேட்டாள்.

"இப்ப எப்படி இருக்கீங்க?"

"முன்னைக்கு இப்ப தேவல."

"ஆனா நம்பர் குறைஞ்சிருக்கே அங்கிள். எங்க கைடு பாத்தா, இவருக்கு மோசமாயிடுச்சுன்னுதான் சொல்வாங்க."

"குறைஞ்சிருக்குன்னே எழுதுங்க. இதுதான் உள்ளது."

பவுனுவின் எண்களில் பெரிய மாற்றம் இல்லை. கவலைப்படுவேன், அஞ்சு. கை நடுங்கும், அஞ்சு. 'கடினமான செயலைத் தள்ளிப்போடாமல் செய்து முடிப்பேன்' என்று வந்ததும், "ஒண்ணு" என்றாள்.

"ஏட்டி, அஞ்சு போடச் சொல்லு" என்று நல்லசிவம் நாற்காலியிலிருந்து முன்னால் வந்தார்.

"நான் பயந்துகிட்டேதான போனேன்? கேட்டுல நிக்கையில வயித்தால போயிருமோன்னு இருந்திச்சு."

"பயந்தியான்னா கேக்காக? செஞ்சியான்னுல்லா கேக்காக!"

"அங்கிள், ப்ளீஸ். அவங்க பதில அவங்கதான் சொல்லணும்" என்றாள் மதுமதி.

நல்லசிவம் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். பவுனு ஜன்னலைப் பார்த்தாள். "மூணு போடும்மா" என்றாள். சொல்லிவிட்டு, அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நல்லசிவம் டீ போட எழுந்தார். அடுப்படிக்குள் ஃபிரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. ஏற்கெனவே வெட்டியிருந்த பாக்கெட்டிலிருந்து பாலைச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டு மறுபடி வெளியே வந்தார். பவுனு எழப் போனாள். அவர் அவளைக் கையமர்த்திவிட்டு மதுமதியிடம் பாத்திரத்தை நீட்டினார்.

"யம்மா, இதைக் கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்லுங்க, நல்லா இருக்கான்னு. எனக்குத் தெரியாது."

மதுமதி பேனாவை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பாத்திரத்தை வாங்கி முகர்ந்தாள்.

"நல்லா இருக்கு அங்கிள்" என்றாள்.